அகன்ற நெற்றிக் குதிரைக்கு வண்டிக் கடிவாளம்

கேள்வி: கலியாண ஊர்வலத்துக்கென்று குதிரை வண்டில் ஒன்று செய்து வைத்திருக்கிறோம். நுவரெலியாப் பக்கமிருந்து வாங்கி வந்த குதிரை. கட்டைக் கால், தடித்த கழுத்து, அகன்ற நெற்றி, முகம் நீளமில்லை. இந்தியாவில் தைத்த கொப் (நடுத்தர) அளவுக் கடிவாளத்தைப் போட்டோம். கண்மறைப்பு இமையில் முட்டியது, காதடியில் தோல் உரிந்துவிட்டது. பிறகு ஃபுல் (பெரிய) அளவு எடுப்பித்தோம். அதில் வாய் இரும்பு கீழே தொங்குகிறது, கண்மறைப்பும் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. கண்மறைப்பை வெட்டி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்கிறார் சாச்சா. செய்யலாமா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: வெட்ட வேண்டாம். அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் இரண்டு கடிவாளத்தையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுங்கள். காதடிப் புண் காய்ந்து, புதுத்தோல் மூடி, விரலால் தொட்டாலும் குதிரை தலையை இழுக்காத நிலை வரும்வரை அந்த இடத்தில் எந்தப் பட்டியும் ஏறக்கூடாது. ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, காலையும் மாலையும் கழுவி, ஒற்றித் துடையுங்கள். இலையான் மொய்க்க விடாதீர்கள். கண்ணையும் வெளிச்சத்தில் பாருங்கள். நீர் வடிந்தால், பாதி மூடியபடி இருந்தால், கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தால் அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். வீட்டில் கிடக்கும் மனிதர் கண் சொட்டு மருந்தை விட்டுப் பார்க்கிற வேலை வேண்டாம். அதில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தால் கருவிழிப் புண்ணை அது இன்னும் ஆழமாக்கும்.

இனிக் கடிவாளம். கடையில் கொப், ஃபுல் என்று விற்பது சட்டையில் நடுத்தரம், பெரிது என்று விற்பதைப் போன்றது. அளவு ஒரு படி ஏறினால் நீளமும் அகலமும் சேர்ந்தே ஏறும். உங்கள் குதிரையின் தலை அப்படி வளரவில்லை. நோர்வேயின் ஃபியோர்ட், தென் திரோலின் ஹாஃப்லிங்கர், வேல்ஸ் கொப், ஸ்கொட்லாந்தின் ஹைலண்ட் ஆகிய இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் இதே தலைதான்: நெற்றி அகலம், காதுகள் விலகி நிற்கும், தாடை உருண்டை, ஆனால் கண்ணிலிருந்து வாய்க்கடைக்குத் தூரம் குறைவு. கொப் அளவு நீளத்துக்குப் பொருந்தி அகலத்தில் தோற்றது. ஃபுல் அளவு அகலத்துக்குப் பொருந்தி நீளத்தில் தோற்றது. ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒரு கலப்புக் கடிவாளம். இரண்டு செற்றுக்கும் காசு கொடுத்தது வீண் போகவில்லை. ஒன்றின் துண்டுகளை மற்றதில் பூட்டலாம்.

பெயர்களை ஒருமுறை ஒத்துக்கொள்வோம். காதுக்குப் பின்னால் கிடப்பது உச்சிப்பட்டி. காதுக்கு முன்னால் குறுக்கே போவது நெற்றிப்பட்டி. உச்சிப்பட்டியிலிருந்து இறங்கி வாய் இரும்பைத் தாங்குவது கன்னப்பட்டி. கண்மறைப்பு இதில்தான் தைக்கப்பட்டிருக்கும். உச்சிப்பட்டியின் நடுவிலுள்ள சிறு பக்கிளில் தொடங்கி, நெற்றியில் கவட்டைத் தடிபோல இரண்டாகப் பிரிந்து, இரு கண்மறைப்பின் மேல்முனையையும் பிடிப்பது கவட்டைப்பட்டி. மூக்குப்பட்டியும் தொண்டைப்பட்டியும் சொல்லாமலே விளங்கும்.

காதடி ஏன் உரிந்தது என்றால், நெற்றிப்பட்டி கட்டை. அது உச்சிப்பட்டியின் இரண்டு கையையும் முன்னுக்கு இழுக்கிறது. உச்சிப்பட்டியின் விளிம்பு காதின் பின்னடியில் கத்தியாக நிற்கிறது. அதே இழுவை கன்னப்பட்டியையும் கண்ணை நோக்கிக் கொண்டுபோகும். அகன்ற தலையில் கண்குழி எலும்பு வெளியே புடைத்திருப்பதால் கண்மறைப்புக்கு ஒதுங்க இடமில்லை, இமையில் வந்து சாய்கிறது. ஆக, காதும் கண்ணும் கெட்டது ஒரே ஒரு கட்டைப் பட்டியால். இந்த நேரத்தில் பலர் செய்கிற பிழை, உரிகிற இடத்தில் பஞ்சோ ஆட்டுத்தோலோ வைத்துக் கட்டுவது. இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டாவது காலுறை போடுகிற கதைதான் அது.

தையற்காரரின் நாடாவை எடுத்து, குதிரை தலையைச் சாதாரணமாக வைத்து நிற்கும்போது அளவெடுங்கள். வாய்க்கடையில் தொடங்கிக் கண்ணின் வெளிமுனையைத் தொட்டு, காதுக்குப் பின்னால் ஏறி, மறுபக்க வாய்க்கடை வரை முழு நீளம். அதே கோட்டில், வாய்க்கடையிலிருந்து கண்ணின் வெளிமுனை வரையுள்ள தூரத்தைத் தனியாகக் குறியுங்கள்; உங்கள் குதிரையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த எண்தான். பிறகு ஒரு காதின் பின்னடியிலிருந்து, காதுக்கு ஒரு விரல் கீழாக நெற்றியைச் சுற்றி, மறு காதின் பின்னடி வரை. மூக்கைச் சுற்றி, கன்ன எலும்பு வரம்பு முடிகிற இடத்துக்கு இரு விரல் கீழே. கடைசியாக, காதடியிலிருந்து தாடைக்குப் பின்னால் இறங்கித் தொண்டையைச் சுற்றி மறு காதடி வரை. முன்மயிர் அடர்த்தியாக இருந்தால் அதையும் சேர்த்தே அளவுங்கள், அது பட்டிக்குள்தான் போகப் போகிறது.

நெற்றி அளவோடு ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் கூட்டினால் கிடைப்பது நெற்றிப்பட்டியின் தைத்து முடித்த நீளம். பொதுவாகக் கொப் நெற்றிப்பட்டி 15 அங்குலம், ஃபுல் 16 அங்குலம் வாக்கில் வரும். தைக்கிறவரைப் பொறுத்து அரை அங்குலம் முன்பின் இருக்கும். உங்கள் ஃபுல் பட்டியும் போதாவிட்டால் சப்பாத்துத் தைப்பவரிடமே செய்விக்கலாம். மூன்று முதல் நான்கு மில்லிமீற்றர் தடிப்பும் இரண்டு சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தோல், இரு முனையிலும் மடித்துத் தைக்க முனைக்கு ஏழு சென்ரிமீற்றர் கூட. அந்த மடிப்புக்குள் உச்சிப்பட்டியின் இரண்டு கிளையும், அதாவது கன்னத்துக்கு இறங்குவதும் தொண்டைக்கு இறங்குவதும், நெருக்கமில்லாமல் நுழைய வேண்டும். தையல் முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்தையலைச் சுத்தியலால் தட்டி மட்டமாக்கச் சொல்லுங்கள்.

உச்சிப்பட்டி, நெற்றிப்பட்டி, கவட்டைப்பட்டி மூன்றையும் ஃபுல்லில் இருந்து எடுங்கள். கண்மறைப்போடு கூடிய கன்னப்பட்டி கொப்பில் இருந்து. மூக்குப்பட்டி எதன் அளவு சரிவருகிறதோ அது. பூட்டுமுன் பட்டியகலமும் பக்கிளகலமும் ஒன்றா என்று பாருங்கள். ஒரு செற்று முக்கால் அங்குலம், மற்றது எட்டில் ஐந்து அங்குலம் என்றிருந்தால் குறுகிய பட்டி அகன்ற பக்கிளுக்குள் பக்கவாட்டில் நழுவி, கண்மறைப்பு கோணலாக நிற்கும்.

பூட்டும்போது ஒழுங்கு முக்கியம். சவாரிக் கடிவாளத்துக்குப் பழகியவர்கள் வாய் இரும்பில் தொடங்குவார்கள். வண்டிக் கடிவாளத்தில் கண்மறைப்பில்தான் தொடங்க வேண்டும். மேல்பக்கிளால் அதை ஏற்றி இறக்கி, கண்மணி கண்மறைப்பின் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே வரும்படி நிறுத்துங்கள். நடுவுக்குக் கீழே கண் இருந்தால் குதிரை கீழ்விளிம்புக்கு அடியால் சில்லைப் பார்க்கும். அதற்குப் பிறகு கீழ்ப்பக்கிளால் வாய் இரும்பு. முகம் கட்டையான குதிரையில் இங்கேதான் துளை முடிந்துபோகும்: கண்மறைப்பு சரி, இரும்பு மட்டும் கடைசித் துளையிலும் தொங்கும். அப்போது கண்மறைப்பை ஏற்றி இரும்பைத் தூக்கக்கூடாது. கீழ்நுனிப் பட்டியில் இரண்டு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக மேலே இரண்டு துளை போடுங்கள். ஆணியால் குத்தாமல் துளைக்கருவியால் வட்டமாக வெட்டுங்கள். ஆணித் துளை நாளடைவில் கிழியும். மிஞ்சுகிற நுனியை வெட்டி விடலாம்.

கவட்டைப்பட்டிக்குத்தான் பொறுமை வேண்டும். குதிரையின் முன்னால், அதன் நெற்றி உயரத்துக்கு உங்கள் கண் வரும்படி நில்லுங்கள். இரு கண்மறைப்பும் மூக்கை நோக்கி மெல்லத் திறந்த இரண்டு கதவுபோலத் தெரிய வேண்டும். கண் இமைக்கும் கண்மறைப்பின் தோலுக்கும் நடுவில் இரண்டு விரலைச் செங்குத்தாக விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போய், மூன்றாவது விரல் சற்றுத் தயங்க வேண்டும். ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர். பிறகு குதிரை இமைப்பதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இமைமயிர் மேலேறி இறங்கும்போது எங்கேனும் தட்டுகிறதா? தட்டினால் நடுப்பக்கிளில் ஒரு துளை தளர்த்துங்கள். அகன்ற நெற்றியில் கவட்டை பிரிகிற இடம் மிகக் கீழே இருந்தால், எவ்வளவு தளர்த்தினாலும் இரண்டு கையும் கண்மறைப்பை உள்ளுக்கே இழுக்கும். பிரிகிற இடம் கண்மட்டத்துக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும். கீழே தையல் நீண்டிருந்தால் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பிரித்துவிடச் சொல்லுங்கள். கைகளுக்குள் கம்பி வைத்துத் தைத்திருந்தால் இன்னும் இலகு, விரலால் மெல்ல வெளியே வளைத்தால் நின்றுவிடும். கண்மறைப்புக்குள் இருக்கும் தகட்டை மட்டும் முழங்காலில் வைத்து வளைக்க வேண்டாம். மேல்தோல் வெடித்து, தகட்டின் ஓரம் கண்பக்கம் வெளிவரும். கண் அதிகம் புடைத்த குதிரைக்கு என்று கிண்ணம்போலக் குழிந்த கண்மறைப்பே விற்கிறார்கள். அடுத்த முறை வாங்கும்போது அதைக் கேளுங்கள்.

மூக்குப்பட்டியைப் பலர் அலங்காரம் என்று நினைத்துத் தளர விடுகிறார்கள். வண்டிக் கடிவாளத்தில் கன்னப்பட்டி மூக்குப்பட்டியின் பக்கத்துத் தோல் வளையங்களுக்குள் நுழைந்துதான் கீழே இறங்குகிறது. மூக்குப்பட்டி தளர்ந்தால், நீங்கள் வாரை, அதாவது ஓட்டுபவர் கையில் பிடிக்கும் நீளப் பட்டியை, இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கன்னப்பட்டி வெளியே விரியும். கண்மறைப்பின் பின்விளிம்பு முகத்தை விட்டு எழும்பும். அந்த இடைவெளியால் குதிரை பின்னால் சுழலும் சில்லைக் காணும். அகன்ற நெற்றியிலிருந்து ஒடுங்கிய மூக்குக்கு முகம் சட்டென்று குறுகுவதால் இந்தக் குதிரைகளில் அந்த விரிவு மற்றவற்றைவிட அதிகம். மூக்கு எலும்பின் மேல் இரு விரல் நுழையும் அளவுக்குக் கட்டுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் தாடை பூட்டிக்கொள்ளும், மெல்லவும் முடியாது.

வாய் இரும்பு லிவர்பூல் வகை (பக்கத்தில் பெரிய வளையமும், கீழே துளைகளுள்ள காலும் கொண்டது) என்று எடுத்துக்கொள்கிறேன், இந்தியச் செற்றுகளில் பெரும்பாலும் அதுதான் வரும். அகலம் பார்க்க, நேரான மெல்லிய தடியொன்றை வாயில் குறுக்கே வைத்து, இரு வாய்க்கடையிலும் நூல் கட்டிக் குறித்து அளவுங்கள். இரும்பு அதைவிட ஒரு சென்ரிமீற்றர் கூட இருக்கலாம், பக்கத்துக்கு அரையாக. வாய்க்கடையைத் தொட்டு ஒரு மெல்லிய சுருக்கம் விழுந்தால் உயரம் சரி. தடித்த இரும்பு மென்மையானது என்ற பேச்சை இந்தத் தலைக்கு அப்படியே நம்ப வேண்டாம். நாக்குத் தடித்து, மேலண்ணம் தாழ்ந்த வாயில் மொத்தமான இரும்புக்கு இடம் கிடையாது. குதிரை வாயைத் திறந்துகொண்டே ஓடும். 14 முதல் 16 மில்லிமீற்றர் போதும். தாடைச் சங்கிலியை முறுக்கில்லாமல் மட்டமாகப் படிய விட்டு, வாரை இழுக்கும்போது இரும்பின் கால் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்ததும் சங்கிலி பிடிக்கும்படி கொளுவுங்கள். ஓட்டுபவரும் குதிரையும் ஒருவருக்கொருவர் புதிது என்பதால் வாரை வாய்ப்பக்கத்துப் பெரிய வளையத்தில் பூட்டுங்கள். கீழ்த்துளைகளில் நெம்புகோல் பலம் கூடும். சந்தையடியில் ஓட்டோ ஒன்று குறுக்கே வந்து கை பதறினால் அந்தப் பலம் முழுதும் தாடையில்தான் இறங்கும்.

தொண்டைப்பட்டியில் சவாரிக்காரர் நான்கு விரல் இடைவெளி விடுவார்கள். வண்டிக்கு அது அதிகம். மூன்று விரல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உருண்டைத் தாடைக்காரக் குதிரை கழுத்தை வளைக்கும்போது தொண்டை இடம் குறுகும். ஆகவே தலையை உள்ளுக்கு மடக்க வைத்து, அந்த நிலையில் விரல் விட்டுப் பாருங்கள். பிறகு உச்சிப்பட்டியைப் பின்னாலிருந்து பிடித்து, காதுக்கு மேலாக முன்னுக்கு உறுதியாக இழுங்கள். காதைத் தாண்டிக் கழன்று வந்தால், வண்டில் ஏர்க்காலில் தலையைத் தேய்க்கும் ஒரு நாளில் குதிரை தானே கழற்றிவிடும்.

இங்கேதான் சாச்சாவின் யோசனைக்கு வருகிறேன். குதிரைக்குத் தன் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர ஏறக்குறையச் சுற்றிவரப் பார்வை உண்டு. கண்மறைப்போடு பழகிய குதிரைக்குப் பின்னால் ஒரு வண்டில் தொடர்ந்து வருவது தெரியாது. சத்தம் மட்டும் தெரியும். ஒரு நாள் திடீரென்று கண்மறைப்பு இல்லையென்றால், தன்னைத் துரத்தும் ஒரு பெரிய பொருளை அது முதல் தடவையாகக் காண்கிறது. ஓடும். ஓட ஓட அந்தப் பொருளும் விடாமல் வரும். கண்மறைப்பே இல்லாமல் வண்டி இழுக்கும் குதிரைகள் இருக்கின்றன என்று சாச்சா சொன்னால் அது உண்மை. அவற்றைத் தொடக்கத்திலிருந்தே திறந்த கண்ணோடு, வெறும் வண்டிலைப் பக்கத்தில் உருட்டிக் காட்டி, மாதக்கணக்கில் பழக்கியிருப்பார்கள். கலியாணத்துக்கு முன் அதற்கு நேரமில்லை. இதே காரணத்தால் இன்னொன்றும்: வண்டில் பூட்டியிருக்கும்போது கடிவாளத்தை எந்த நிமிடத்துக்கும் கழற்றக் கூடாது. தண்ணீர் காட்டவும், படம் எடுக்கவும், மூக்குப்பட்டியை ஒரு துளை மாற்றவும்கூட. முதலில் குதிரையை வண்டிலிலிருந்து அவிழ்த்து வெளியே கொண்டுவாருங்கள், கடிவாளம் அதற்குப் பிறகு.

எல்லாம் பூட்டியதும் ஒருவர் குதிரையின் பின்னால், வண்டிலின் இருக்கை இருக்கும் தூரத்தில், ஒரு கதிரைமேல் ஏறி நின்று வாரைப் பிடிக்கட்டும். வார் தளர்ந்திருக்கும்போதும் இழுத்திருக்கும்போதும் அங்கிருந்து குதிரையின் கண் தெரிகிறதா? உங்களுக்கு அதன் கண் தெரிந்தால், அதன் கண்ணுக்கு நீங்களும் தெரிகிறீர்கள். கவட்டைப்பட்டியையும் மூக்குப்பட்டியையும் திரும்பப் பாருங்கள்.

மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் பூவும் சரிகையும் வராமல் இராது. நெற்றிப்பட்டியில் சரம் கட்ட விடாதீர்கள். நனைந்த மல்லிகைச் சரத்தின் பாரம் பட்டியைக் கீழே இழுக்கும், நீங்கள் அளந்து வைத்த இடைவெளியெல்லாம் போய்விடும். சரிகை நூல் கண்மறைப்புக்குள் நுழைந்தால் கண்ணில் குத்தும். அலங்காரத்தைக் கழுத்துப்பட்டையிலும் வண்டிலிலும் தாராளமாகச் செய்யுங்கள், தலையை விட்டுவிடுங்கள்.

தோலைப் பற்றிக் கொஞ்சம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பட்டி விறைத்து வெடிக்கும். மாரி மழையில் ஊறி நீண்டு, ஒரு கிழமையில் வெண்பூசணம் பூக்கும். இரண்டு காலத்திலும் துளை மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடி வந்ததும் ஈரத்துணியால் வியர்வையையும் கடற்காற்று உப்பையும் துடைத்து, நிழலில் காய விடுங்கள். பூசணத்துக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைக்கலாம். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக ஊற்றாதீர்கள். அளவுக்கு மீறினால் தோல் தொளதொளத்து, தையல் துளைகள் பெரிதாகும். தோலுக்கென்று விற்கும் எண்ணெயை மெல்லிய பூச்சாக, மாதம் ஒருமுறை. பக்கிள் இரும்பாக இருந்தால் பித்தளைக்கோ துருப்பிடிக்காத உருக்குக்கோ மாற்றிவிடுங்கள். துருவேறிய பக்கிள் நாக்குத்தான் பட்டியை உள்ளிருந்து அறுப்பது.

உடனே வண்டிலில் பூட்ட வேண்டாம். நாலைந்து நாள் வெறும் கடிவாளத்தோடு, நீள வார் பிடித்துப் பின்னால் நடந்து, வயற்கரை ஒழுங்கைகளில் ஓட்டுங்கள். பிறகு இரண்டு மூன்று நாள் பழைய டயர் ஒன்றை இழுக்க வையுங்கள். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் கழித்துக் கடிவாளத்தைக் கழற்றி, வியர்வைத் தடத்தைப் பாருங்கள். பட்டி கிடந்த இடம் முழுதும் ஒரே சீராக நனைந்திருந்தால் நல்லது. நடுவில் காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். மயிர் கலைந்து சுழன்றிருந்தால் அங்கே பட்டி அசைகிறது. காதின் பின்னடியை விரலால் தடவிச் சூடு பாருங்கள். புதுத் தோற்பட்டி முதல் கிழமையிலேயே ஒரு துளை நீளும். அந்தக் கிழமை முடிவில் கண்மறைப்பிலிருந்து தொடங்கி, இதே ஒழுங்கில் எல்லாப் பக்கிளையும் இன்னொருமுறை சரிபார்த்த பிறகு வண்டிலைக் கொண்டுவாருங்கள்.